எந்தப் பனி?

மொழிபெயர்ப்பாளர் என்பவர், ஒருவரையொருவர் நேரடியாகத் திட்டிக்கொள்ள மொழியில்லாத இரு தரப்பினரும் தத்தம் கோபத்தை இறக்கி வைப்பதற்காக நடுவில் போடப்படும் நாற்காலி. மேற்கு ஜெர்மனியின் ஒரு சிறுநகரத்தில் ஐந்து குளிர்காலங்கள் நான் அந்த நாற்காலியாக இருந்திருக்கிறேன். வந்தது மொழியியல் ஆராய்ச்சிக்கு. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து எம்மவர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, மேற்கு பெர்லினைக் கடந்து, இந்த ஊர்வரை அனுப்பப்பட்டபோது, இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் என்ற குற்றத்துக்காக அலுவலகங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. மொழிபெயர்ப்பாளருக்கு ஜெர்மன் சொல் டொல்மெச்சர். ஆகவே நான் ஊருக்கெல்லாம் டொல்மெச்சர் அக்கா.

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, கால்விரல்கள் பத்தும் இன்னும் இருக்கின்றனவா என்று சப்பாத்துக்குள்ளேயே எண்ணிப் பார்த்த அனுபவம் உங்களுக்கு இருக்குமானால், நீங்கள் என் இனம். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்த அனுபவம் இல்லாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், தடையில்லை.

திடீரென்று வந்தவர்

மகேந்திரம் அண்ணை புகையிலைத் தோட்டக்காரர். நாற்பத்தைந்து வயது. மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு எண்பத்தைந்து டிசம்பரில் வந்தார். அகதி என்று ஏற்றுக்கொண்டால் அவர்களை அழைக்கலாம்; மறுத்தால் அவரே திரும்பவேண்டும். இந்த ஒன்றைத் தவிர அவருக்கு ஜெர்மனியிடம் கேட்க வேறெதுவும் இருக்கவில்லை. சப்பாத்து மட்டும் விதிவிலக்கு. அகதிகள் விடுதிக்கு வந்து ஒரு வாரம் கழிந்தும் அவர் காலில் இருந்தவை காலுறைக்கு மேல் மாட்டிய ரப்பர் செருப்புகள். பெருவிரலுக்கு இடம்விட்டுக் காலுறையைக் கத்தரித்திருந்தார்.

சமூக உதவி அலுவலகத்தில் குளிர்காலச் சப்பாத்துக்கு விண்ணப்பம் கொடுத்தோம். அங்கிருந்த அம்மையார் அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, விண்ணப்பம் காலந்தாழ்ந்தது என்றார். "குளிர்காலம் திடீரென்று வருவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. செப்டெம்பரிலேயே நீங்கள் எழுதியிருக்க வேண்டும்." நான் சொல்லுக்குச் சொல் தமிழில் கொடுத்தேன். அண்ணை பணிவோடு தலையாட்டினார்.

"ஓம், அவ சொல்லுறது சரிதான். குளிர் திடீரெண்டு வரேல்லை, நான்தான் திடீரெண்டு வந்திட்டன் எண்டு சொல்லும் பிள்ளை."

சுவருக்கு வரும் வியாதி

விடுதியின் கட்டடப் பொறுப்பாளரை எல்லோரும் ஹவுஸ்மைஸ்டர் என்பார்கள். நல்ல மனிதர், ஆனால் ஜன்னல் விடயத்தில் மதவெறி பிடித்தவர். வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு பாகை நிற்கும். அவர் அறை அறையாக வந்து ஜன்னல்களை அகலத் திறந்து, பத்து நிமிடம் அப்படியே விடச் சொல்வார். எம்மவர்கள் அவர் முதுகு மறைந்ததும் மூடி, விளிம்பெல்லாம் பழைய துணி அடைப்பார்கள். இந்தப் போரில் சமாதானம் பேச நான் அழைக்கப்பட்டேன்.

மூன்று பிள்ளைகளின் தாயான தவமணியின் அறையில் மாநாடு நடந்தது. அறையில் சமைத்து, அங்கேயே துணி காயப்போட்டு, ஜன்னலையும் மூடி வைத்தால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும் என்று ஹவுஸ்மைஸ்டர் மூலையிலிருந்த கறுப்புத் திட்டைத் தொட்டுக் காட்டினார். அவர் குரலில் உண்மையான துயரம் இருந்தது. தவமணி கடைக்குட்டியைக் கம்பளியால் சுற்றியபடி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சுவர் இந்த ஊர்க்காரர் அக்கா, நாங்கள் வந்தவை. முதல் அவருக்குத்தானே வருத்தம் பாப்பினம்."

வெள்ளிக்கிழமை வாசல்

மூன்று வாரம் கழித்து ஹவுஸ்மைஸ்டரே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். விடுதியின் முன்வாசலில் விழுந்து இடுப்பில் அடிபட்டிருந்தார். வாசலில் பனிக்கட்டி, கண்ணாடித் தகடுபோல, ஓரங்கூடச் சீராக. வானம் இரண்டு நாளாக ஒரு பொட்டும் சிந்தவில்லை. இது சதிவேலை என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

சதி தவமணியுடையது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் தலைக்குக் குளித்து, ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோய், ஊர் வழக்கப்படி வாசல் தெளித்திருக்கிறாள். தண்ணீர் நிலத்தைத் தொட்டதும் தன் கடமையைச் செய்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களை வரவேற்கத்தான் வாசல் தெளிப்பது என்று நான் விளக்கினேன். ஹவுஸ்மைஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். நிறுத்தச் சொல்லப் போகிறார் என்று தவமணியின் கண்கள் கலங்கிவிட்டன.

"நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள்," என்றார் அவர். "வெள்ளிக்கிழமைகளில் நான் பின்வாசலால் வருகிறேன்."

விதைக்காமல் விளைவது

விடுதியைச் சுற்றிய பாதையில் பனி வழிக்கும் பொறுப்பு மகேந்திரம் அண்ணையிடம் கொடுக்கப்பட்டது. அவர் அதைத் தோட்ட வேலையாகவே எடுத்துக்கொண்டார். வழித்த பனியை ஓரத்தில் வரம்பாகக் கட்டி, இடையிடையே வாய்க்கால் விட்டு, பாத்தி பிரித்து வைத்தார். ஊர் ஜெர்மன்காரர்கள் நாயை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். காலையில் முடித்த வேலையை மத்தியானம் வானம் அழித்துவிடும். ஆறாவது நாள் அவர் பனி அள்ளும் சவளை ஊன்றி நின்று மேலே பார்த்துச் சொன்னார்:

"இந்த ஒரு தோட்டத்திலைதான் பிள்ளை விதைக்காமலே விளையுது. விளைஞ்சும் ஒருத்தருக்கும் உதவாது."

ஓம், பனிதான்

பெப்ரவரியில் அவருடைய அகதி விசாரணை. அன்று முழங்கால் அளவுக்குப் பனி. பஸ் வரவில்லை. நான் ஒரு மணி நேரம் நடந்து, கண்ணிமையில் வெள்ளை ஒட்ட, பல் கிட்டியபடி அந்த அறைக்குள் நுழைந்தேன். இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. நடந்ததன் வரிசைக்காகச் சொல்கிறேன்.

ஊரைவிட்டு ஏன் ஓடினீர் என்று அதிகாரி கேட்டார். அண்ணை சொன்னார்: தை மாதம், விடியப்புறம், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றாராம். ஆமிக்காரர் சுற்றி வளைத்துவிட்டார்களாம். பக்கத்துத் தோட்டத்தில் நின்ற இருவரைக் கொண்டுபோனார்கள். அவர்கள் பிறகு வீடு வரவில்லை. "பனி எண்டால் அப்பிடிப் பனி பிள்ளை. ஆளை ஆள் தெரியேல்லை. பத்தடியிலை என்னைத் தாண்டிப் போனவங்கள். பனிக்குள்ளாலைதான் தப்பினனான்."

தை மாத விடியலில் யாழ்ப்பாணத்துத் தோட்டத்தின்மேல் இறங்கும் பனி எது என்று எனக்குத் தெரியாதா? மூக்கின் நுனிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி அது. ஜெர்மனில் அதற்கு நேபெல் என்று பெயர். ஆனால் மூன்று குளிர்காலமாக எங்கள் எல்லோர் வாயிலும் பனி என்றால் ஜன்னலுக்கு வெளியே கிடக்கும் அந்த வெள்ளைச் சனியன் ஒன்றுதான். அதற்கு ஜெர்மனில் ஷ்னே. என் வாய் மூளையைக் கேட்கவில்லை. ஷ்னே என்றேன். அதிகாரி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

எழுதியதைத் திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டுவது விதி. பிழைகளைப் பிடிப்பதற்கென்றே வகுத்த விதி. அதிகாரி "ஷ்னே" என்று வாசித்தார். நான் "பனி" என்று தமிழாக்கினேன். மகேந்திரம் அண்ணை மனநிறைவோடு கையெழுத்துப் போட்டார்.

"ஓம், பனிதான். ஒரு சொல்லும் மாறேல்லை."

நம்பத்தகாத வானிலை

கோடையில் முடிவு வந்தது. கடிதத்தை என்னிடமே கொண்டுவந்தார். வேறு யாரிடம் கொண்டுபோவார்? "விண்ணப்பதாரர் கடும் பனிப்பொழிவின் மறைவில் தப்பியதாகக் கூறுகிறார். அவர் பிறந்த பகுதி வெப்ப மண்டலத்தைச் சேர்ந்தது. பனிப்பொழிவு அங்கு அறியப்படாதது. ஆகவே அவருடைய கூற்று முழுவதும் நம்பத்தக்கதன்று." விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தது.

நான் வாசித்ததை அவர் இருமுறை கேட்டார். யாழ்ப்பாணத்தில் இந்தப் பனி கொட்டியதென்று தான் சொல்லவே இல்லையே என்று திகைத்தார். "உந்தப் பொய்யை ஆர் பிள்ளை அவையளுக்குச் சொன்னது?"

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் உலகிலேயே ஒருவர்தான் இருந்தார். அந்த ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் எவருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. பிறருடைய பிழைகளை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிப் பெயர் வாங்கியவள் நான். என் முறை வந்திருந்தது. "நான்தான் அண்ணை," என்றேன். எது எப்படி எதுவாக மாறியது என்று விளக்கினேன். அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"படிக்காதவன் பிழைவிட்டால் ஒரு பாத்திதான் பிள்ளை அழியும். நீர் படிச்ச ஆள், முழு யாழ்ப்பாணத்துக்கும் பனி கொட்டிப்போட்டீர்."

ஒரு சொல் மட்டும்

வழக்கறிஞர் மேன்முறையீடு செய்தார். நான் என் தவறை நான்கு பக்கத்தில், அடிக்குறிப்புகளுடன் எழுதி இணைத்தேன். என் ஆராய்ச்சியில்கூட எதையும் அவ்வளவு ஐயந்திரிபற நிறுவியதில்லை. நிறுவியது என் முட்டாள்தனத்தை.

வழக்கு அடுத்த ஜனவரியில் வந்தது. நியாயமாக வேறொரு மொழிபெயர்ப்பாளரை அழைத்திருந்தார்கள். அவர் வந்த ரயில் பனியில் சிக்கி நடுவழியில் நின்றுவிட்டது. நீதிபதியும் அரைமணி நேரம் பிந்தி, முழங்கால்வரை நனைந்த காற்சட்டையோடு வந்து அமர்ந்தார். என் கடிதத்தைப் புரட்டினார். பனித்துளி, மூடுபனி, உறைபனி, வானத்திலிருந்து கொட்டும் பனி என்ற நான்குக்கும் உங்கள் மொழியில் உண்மையாகவே ஒரே சொல்தானா என்று கேட்டார். அகராதியில் முன்னொட்டுகள் உண்டு. தோட்டத்தில் நிற்பவர் முன்னொட்டு வைத்துப் பேசுவதில்லை என்றேன். அவர் ஈரக் காற்சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"புரிகிறது. இந்த மாதம் எனக்கும் அவை நான்குக்கும் ஒரே சொல்தான் வாயில் வருகிறது. அதை நீதிமன்றக் குறிப்பில் ஏற்ற முடியாது."

பிறகு, இன்று இந்த அம்மையாரே மொழிபெயர்ப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று அண்ணையைக் கேட்டார். அந்தக் கேள்வியையும் நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. மகேந்திரம் அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் பிள்ளை சொல்லட்டும், அந்த ஒன்றைத் தானே சொல்லிக்கொள்வதாக அறிவித்தார். நீதிபதி இசைந்து, அன்று காலை என்ன வானிலை என்று கேட்டார்.

அண்ணை எழுந்து நின்றார். உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கி, "நேபெல்," என்றார். சுட்டுவிரலை ஜன்னலுக்கு நீட்டி, அங்கே கொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "ஷ்னே, நைன்!" என்று, அதாவது ஷ்னே இல்லவே இல்லையென்று, அதட்டினார். நவம்பர் முழுவதும், மூடுபனி இறங்கிய ஒவ்வொரு காலையும், ஹவுஸ்மைஸ்டர் அவரை வாசலில் நிறுத்தி, கையால் காட்டிக் காட்டி அந்தச் சொல்லைப் பழக்கியிருந்தார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. வெள்ளிக்கிழமைகளில் அந்த வகுப்பு பின்வாசலில் நடந்ததாம். நீதிபதியின் பேனா ஓடியது. அண்ணை மெல்ல அமர்ந்து, பெருந்தன்மையோடு என் பக்கம் திரும்பினார்.

"இனி மிச்சத்தை நீர் சொல்லும் பிள்ளை."

வரவேற்பு

மார்ச்சில் தீர்ப்பு வந்தது. மூடுபனி நம்பத்தக்கது என்று நீதிமன்றம் கண்டது. அதன் பின்னால் நின்ற மனிதரும் நம்பத்தக்கவரானார். குடும்பத்தை அழைக்கும் பத்திரங்கள் முடிய அடுத்த டிசம்பர் ஆயிற்று. விமான நிலையத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மூன்று சோடிச் சப்பாத்து வாங்கி வைத்திருந்தார். அளவு தெரியாததால் எல்லாம் ஒரு சுற்றுப் பெரிது.

மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள். அழுது முடித்து, சப்பாத்து மாட்டி, வாசற்கதவைத் தாண்டினார்கள். வெளியே கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை. மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "என்னப்பா இது, ஒரே பனியாக் கிடக்கு!" என்றார். மகேந்திரம் அண்ணை திடுக்கிட்டு அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எந்தப் பனி எண்டு வடிவாச் சொல்லும். டொல்மெச்சர் பக்கத்திலை நிக்கிறா."

முடிவுறாத என் ஆராய்ச்சியின் சாரம் இவ்வளவே: ஜெர்மனியில் குளிரைத் திட்டுவதற்குக்கூட, அது எந்தக் குளிர் என்று முதலில் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் திட்டவேண்டும்.