கை காட்டினால் பிரேக்

1. நாற்காலி

எங்கள் பஸ் கம்பெனியின் சின்ன முதலாளி மதராஸில் படித்துவிட்டுப் புதுக்கோட்டைக்கு ஒரு நாற்காலியோடு வந்து இறங்கினார். நாற்காலிக்குக் கீழே பிரேக் பெடல், எதிரே ஒரு சிவப்பு பல்பு. பல்பு எரிந்ததும் பெடலை மிதிக்க வேண்டும். யார் வேகமாக மிதிக்கிறாரோ அவர்தான் பிறவி டிரைவராம். ஐம்பதுகளின் நடுவில் இப்படியொரு சோதனையை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

அறந்தாங்கி லைனுக்கு ஒரு டிரைவர் தேவை. கிளீனர்களாக இருந்து லைசென்ஸ் எடுத்திருந்த நானும் ராசுவும் போட்டி. எனக்கு அது வெறும் வேலை இல்லை. அறந்தாங்கியில் எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா, "டிரைவர் சீட்டுல ஒக்காந்தா பொண்ணு. இல்லாட்டி வேற எடம் பாத்துக்கங்க" என்று கறாராகச் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பல்பு எரிந்தது. நிஜமாகவே எரிகிறதா என்று பார்த்துவிட்டு மிதித்தேன்.

"நீ மிதிக்கிறதுக்குள்ள, குறுக்க வந்த மாட்டுக்குக் கருமாதியே முடிஞ்சிரும்ப்பா" என்றார் சின்ன முதலாளி. ராசுவோ பல்பு முழுதாக எரியும் முன்பே மிதித்தான். சீட்டு அவனுக்கு. நான் அதே வண்டியில் பழையபடி கிளீனர்.

2. பொம்மை

அப்போதெல்லாம் ஸ்டாப் என்று போர்டு கிடையாது. ரோட்டோரம் யார் கை தூக்கினாலும் வண்டி நிற்கும். ராசு நன்றாகவே நிறுத்தினான். திருவரங்குளம் தாண்டி ஒருவர் காக்காய் விரட்டக் கையை வீசினார். பிரேக். ஒரு அம்மாள் தலைச்சுமையைப் பிடிக்கக் கையை உயர்த்தினார். பிரேக். உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள்.

"ஏந்தம்பி, எங்கள எறக்கிவிடப் போறீங்களா, உருட்டிவிடப் போறீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டே விட்டார்.

ஒரு நாள் பெரிய முதலாளியே முன்சீட்டில் வந்தார். கடலைக் கொல்லையில் இரண்டு கையையும் விரித்து நின்ற வைக்கோல் பொம்மையைப் பார்த்து ராசு மிதித்த மிதியில், அவர் நெற்றி கம்பியில் மோதிப் புடைத்துவிட்டது.

"நிறுத்திட்டேல்ல, அவரை ஏத்திக்க. டிக்கெட் நான் எடுக்கிறேன்" என்றார் நெற்றியைத் தடவிக்கொண்டே. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஓட்டுனா நிறுத்திருப்பியா?"

"அது நடந்து வருதான்னு பாத்துட்டு நிறுத்துவேங்க."

மறுநாள் சீட்டு எனக்கு வந்தது. ராசு மதராஸுக்கு லாரி ஓட்டப் போனான். அங்கே ரோட்டிலேயே சிவப்பு விளக்கு உண்டு. அவனைப் போல் டிரைவர் இல்லை என்று பேர் வாங்கினான். நாற்காலி பொய் சொல்லவில்லை, எந்த ரோடு என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

3. மாமனார்

நான் ஓட்டிய முதல் நாள், அறந்தாங்கி எல்லையில் ஒருவர் கை தூக்கினார். அவருக்கு முன்னால் நாலைந்து ஆடுகள், அவை கிளப்பிய புழுதியில் முகம் தெரியவில்லை. ஆடு விரட்டுகிறார் என்று நிதானமாக முடிவு கட்டிப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கை தூக்கியவர் பஸ் ஸ்டாண்டுக்குப் புழுதியோடு நடந்து வந்தார். பெண்ணின் அப்பா! எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவர் என் தோளில் தட்டினார். "வரப்போற மாமனாருன்னுகூடப் பாக்காம, ஓசிப் பயணம் கெடையாதுன்னு போயிட்டீங்களே மாப்ள! இப்புடி நேர்மையான ஆளத்தான் தேடுனேன். ஆவணியிலயே கல்யாணத்த வச்சுக்கிருவோம்."

எந்த வேலைக்கு லாயக்கு என்று கண்டுபிடிக்கும் டெஸ்ட்டை எழுதலாமா என்று இப்போதும் பிள்ளைகள் கேட்கிறார்கள். தாராளமாக எழுதுங்கள். நான் வாழ்க்கையில் தேறிய பரீட்சை மாமனார் வைத்த அந்த ஒன்றுதான். கை காட்டியது யாரென்று தெரிந்திருந்தால், பிரேக் போட்டு அதிலும் தோற்றிருப்பேன்.