கோர்ட்டு கேட்டால் மட்டும்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்: ஊர் முழுக்க நம் காதுக்குள் குடியிருக்கும், நம்மோடு பேசத்தான் ஆள் இருக்காது.

கையெழுத்து

ஐம்பதுகளின் நடுவில் மட்டாஞ்சேரி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். யார் யாரைக் கூப்பிட்டார்கள், என்ன பேசினார்கள் என்று வெளியே மூச்சு விட்டால் வேலை போகும், ஜெயிலும் உண்டு என்று சூப்பர்வைசர் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். நான் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் அதை யார் நம்பினார்கள்? எங்கள் தெருக் குழாயடியில் நான் குடத்தோடு போனாலே பேச்சு நின்றுவிடும். பக்கத்து வீட்டு விசாலம் மன்னி ஒருத்திதான் என்னோடு பழையபடி பேசினாள். மற்றவர்களுக்கெல்லாம் ஒரே பாட்டு: "மெதுவாப் பேசுங்கோடீ, டெலிபோன் வரது!"

திங்கட்கிழமை கால்

மன்னியின் கணவர் ஒரு மிளகுப் பண்டகசாலையில் கணக்கர். சரக்குப் பார்த்து வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. கடிதமும் இல்லை. பண்டகசாலை முதலாளியோ தனக்கு ஒன்றும் தெரியாது என்று கோயிலில் சத்தியம் பண்ணாத குறை.

அதே முதலாளி திங்கட்கிழமைதோறும் கோழிக்கோட்டுக்கு ஒரு பி.பி. கால் போடுவார். பி.பி. என்றால் ஆளின் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. பெயரையும் நம்பரையும் டிக்கெட் என்கிற சீட்டில் எழுத வேண்டும். முதல் தடவை அவர் சொல்லி நான் எழுதியது மன்னியின் கணவர் பெயர். மறுமுனையில் வந்தது, மதில் மேல் எட்டி "பேப்பர் வந்துதா?" என்று தினமும் என்னைக் கேட்ட குரல். பேசி முடித்ததும் முதலாளி லைனிலேயே என்னிடம் சொன்னார்: "ஓப்பரேட்டரே, நிங்ஙள் ஒண்ணும் கேட்டில்லா, ட்டோ!" என் காதில் எதுவுமே விழவில்லையாம்.

மன்னி கேட்டது

மன்னி ஜீவனாம்சத்துக்குக் கேஸ் போடத் துணிந்தாள். ஆள் இருக்கும் இடம் தெரிந்தால்தான் சம்மன் அனுப்ப முடியும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஒரு சாயங்காலம் சுடச்சுட அடையோடு வந்து உட்கார்ந்தவள், "உன் எக்ஸ்சேஞ்சு வழியா அவர் பேரு எப்பவாவது வந்துதா, கோமு?" என்று கேட்டாள்.

"சொல்லக் கூடாது, மன்னி" என்பதுதான் சட்டப்படி சரியான பதில். ஆனால் அப்படிச் சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிடும். அப்புறம் அவளும் மற்றவர்களைப் போல ஆகிவிடுவாளோ என்று பயந்தேன். இருந்தது அவள் ஒருத்திதானே! "தெரியாது, மன்னி" என்றேன். அவள் என் தோளைத் தட்டினாள்: "தெரிஞ்சா நீ சொல்லாம இருப்பியா என்ன!"

குமாஸ்தா

அடுத்த வாரம் வக்கீல் குமாஸ்தா எக்ஸ்சேஞ்சுக்கே வந்து, பண்டகசாலையின் ட்ரங்க் கால் டிக்கெட்டுகளைப் பார்க்க வேண்டும் என்றார். சூப்பர்வைசர் அசையவில்லை. "ஆத்யம் கேஸ் கொடுக்கூ. கோர்ட்டு கேட்டால் தராம். அதுக்கு முன்னாடி என்றெ அச்சன் கேட்டாலும் இல்லா" என்றார். பெற்ற அப்பனுக்கும் கிடையாதாம். மூன்றடி தள்ளி நான் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தேன். குமாஸ்தா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்: "விலாசம் கிடைச்சா கேஸ் போடலாம், கேஸ் போட்டா விலாசம் கிடைக்கும். நான் எங்கே நின்னு தொடங்கறது சார்?"

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறன்று பஜார் அடைத்திருக்கும். போர்டில் ஒரு விளக்குகூட எரியாது. யாரிடமாவது ஒரு வார்த்தை பேச வேண்டும் போலிருந்தால், லைன் சோதிக்கிற சாக்கில் கீழே மெக்கானிக்கைக் கூப்பிட்டு "ஹலோ" என்பேன். பாவம், அவரும் உடனே எடுப்பார்: "லைன் நன்னாயிட்டுண்டு. வேறெ எந்தா?"

பென்சில்

இரண்டு மழைக்காலம் போயிற்று. கோழிக்கோட்டு வலியங்காடியில் அவரைப் பார்த்ததாக யாரோ வந்து சொல்லி, நம்பரும் கொடுத்தார்கள். கேஸ் போடுமுன் ஒரு தடவை அவர் குரலைக் கேட்க வேண்டும் என்று மன்னி எக்ஸ்சேஞ்சுக்கு வந்தாள். அன்று புக்கிங் கவுண்டரில் நான். "கோழிக்கோட்டுக்கு ஒரு பி.பி. கால், கோமு. அவருக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, நம்பர் எழுதிய காகிதத்தைப் பையில் தேடினாள்.

அவள் காகிதத்தை எடுத்துப் பிரிப்பதற்குள், திங்கட்கிழமைப் பழக்கத்தில், என் பென்சில் பெயரையும் நம்பரையும் எழுதி முடித்துவிட்டது. மன்னி காகிதத்தைப் பார்த்தாள், டிக்கெட்டைப் பார்த்தாள்.

"சொல்லக் கூடாதுன்னு சட்டம், மன்னி" என்றேன்.

"அதையாவது சொல்லியிருக்கலாமே, கோமு. தெரியாதுன்னுதானே சொன்னே?"

கால் போடாமலே போய்விட்டாள். பிறகு கேஸ் நடந்தது, கோர்ட்டும் கேட்டது. திங்கட்கிழமை டிக்கெட்டுகளைத் தேடி நூல் கட்டி அனுப்பியது நான்தான். ஜீவனாம்சம் கிடைத்ததைக் குழாயடியில் யாரோ பேசும்போது தெரிந்துகொண்டேன், அதுவும் பாதிப் பேச்சுதான். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

இலாகா என்னிடம் கேட்டது மௌனத்தை மட்டும்தான். பொய்யை நானாகத்தான் ஓவர்டைம் பார்த்துக் கொடுத்தேன்.