முனீஸ்வரர் மரத்தடியில் ஒரு சதுரம்

கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை போன பிறகு, ஷாமளாவின் வீட்டில் அடுப்பு எரிந்தது ஓர் ஓடையின் புண்ணியத்தில்தான்.

பாடாங் மேஹா பக்கம், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டம். அங்கே ஓடைக்கரையில் நின்ற செம்பனைகளை அகற்றி, காட்டுச் செடிகளை வளரவிட்டிருந்தார்கள். அவை எவ்வளவு பரவியிருக்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. கரையோரம் கயிறு கட்டி, முடிச்சு விழும் இடத்திலெல்லாம் குழாயால் செய்த ஒரு சதுரத்தைத் தரையில் வைத்து, அதற்குள் செடி எவ்வளவு, வெறும் மண் எவ்வளவு என்று குறிக்க வேண்டும். கணவனை இழந்தவள். மகள் படித்துக்கொண்டிருந்தாள். இந்த ஒப்பந்தம் நீடித்தால்தான் அந்தப் படிப்பும் நீடிக்கும்.

ஒருவர் பார்த்த கரையை இன்னொருவரும் தனியாகப் பார்ப்பார். இரண்டும் ஒத்துவந்தால்தான் கணக்கை நம்புவார்கள். இம்முறை ஷாமளாவுக்குப் பின் பார்த்தவள் ஜரீனா, பீடோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்களின் மகள். ஓரிடத்தில் மட்டும் கணக்கு ஒத்துவரவில்லை. ஷாமளா அடர்ந்த பெரணி என்று எழுதியிருந்தாள். ஜரீனா வெறும் மண் என்று எழுதியிருந்தாள்.

"கரைக்குப் போனியா, இல்ல வீட்டுல உக்காந்து எழுதினியா?" என்றார் மேற்பார்வையாளர் குணாளன்.

அந்தக் கேள்வி ஷாமளாவின் நெஞ்சைக் கிழித்தது.

"அப்படிச் சொல்லாதீங்க லா, அண்ணே. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நடந்து பாத்துட்டு வர்றோம்" என்றாள் ஜரீனா.

"பாருங்க. காரணம் கிடைக்கலன்னா வேற ஆளுதான்."

மறுநாள் காலை இருவரும் கயிற்றை ஒட்டி நடந்தார்கள். சிவப்புத் துணி சுற்றிய மரம் வந்தது. அடியில் ஒரு கல், ஒரு சூலம். ஷாமளா சதுரத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றி அப்பால் போனாள்.

"அக்கா, முடிச்சு இங்கதானே இருக்கு? எங்க போறீங்க?"

"முனீஸ்வரர் எடம் லா. சப்பாத்தோட எப்படி மிதிக்கிறது?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தோட்டத்து ஆட்கள் வெள்ளிதோறும் கூட்டிச் சுத்தம் செய்யும் தரை அது. ஒரு புல்கூட இல்லை. அப்பாலோ பெரணி இடுப்பளவு நின்றது. சிறு வயதிலிருந்து ஒதுங்கிப் பழகிய கால், வேலையிலும் ஒதுங்கிவிட்டது. அவள் கணக்கில் ஓடைக்கரை உள்ளதைவிடப் பச்சையாகிப் போனது.

"தப்பு என் மேலதான்" என்றாள். கண்கள் நிரம்பின.

"பொய்யா எழுதினீங்க? தள்ளி வெச்சுட்டீங்க, அவ்ளோதான். சப்பாத்துதானே பிரச்சனை, கழட்டிடுவோம்." ஜரீனா குனிந்து தன் சப்பாத்தை முதலில் கழற்றினாள். "அன்னிக்கு நான் தெரியாம சப்பாத்தோட ஏறிட்டேன். உங்க சாமி கோவிச்சுக்குவாரா?"

"கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வெறுங்காலோடு சதுரத்தை முடிச்சின் மேலேயே வைத்தார்கள். ஜரீனாவின் குதிகாலில் ஓர் அட்டை ஏறியிருந்தது. ஷாமளா மண்டியிட்டு அதைப் பிடுங்கி எறிந்தாள்.

குணாளன் முழுவதையும் கேட்டார். "அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றார். "இனி யார் போனாலும் அங்க சப்பாத்தக் கழட்டுங்க. சதுரத்த மட்டும் நகத்தாதீங்க."

ஒப்பந்தம் நீடித்தது. இன்றும் அந்த மரத்தடியில் ஷாமளா வெறும் மண் என்று எழுதிவிட்டுக் கைகூப்புவாள். மகளுக்காக வேண்டுவதற்கு முன்னால், ஜரீனாவுக்காக வேண்டிக்கொள்வாள்.