பெண்ணழைப்புக்குக் குளிப்பாட்டிய கார்

என் காரைப் பிடித்த பீடை பழுப்பு நிலக்கரித் தூள்தான் என்று மனதார நம்பினேன். நெய்வேலிக்காரனுக்கு இது இயல்பான மூடத்தனம். வெளுத்த வேட்டி கறுத்தாலும் தூள், குழந்தை இருமினாலும் தூள், மனைவி முகத்தைச் சுளித்தாலும் தூள். அதனால், பல கை மாறி என்னிடம் வந்த அந்தப் பழைய கார் வேகம் பிடிக்கும்போது இருமத் தொடங்கியதும், உள்ளே உட்கார்ந்தால் குடலைப் புரட்டும் நாற்றம் அடித்ததும், எஞ்சினுக்குள் தூள் புகுந்து கருகுகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மனைவி பண்ருட்டிக்காரி. "எலி செத்த நாத்தங்க இது. மூக்குன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா உங்களுக்கு?" என்றாள். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டையே பராமரிக்கிறவனிடம் வந்து எலியைப் பற்றிப் பேசுகிறாளே என்று சிரித்தேன்.

சிரித்திருக்கக் கூடாது. ஞாயிறு மாலை பண்ருட்டியில் அவள் தங்கைக்குப் பெண்ணழைப்பு. கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் பெண் என் காரில்தான் வரவேண்டும். வாடகைக் கார் பேசக் கிளம்பிய மாமனாரை, நம்ம வீட்டிலேயே கார் நிற்கும்போது எதற்கு வெட்டிச் செலவு என்று பெருந்தன்மையோடு தடுத்தவன் நான்தான்.

சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்த கையோடு பானெட்டைத் தூக்கினேன். எண்ணெயும் புழுதியும் குழைந்து, தேய்க்காத தோசைக்கல்லின் விளிம்பு போல எஞ்சின் முழுக்க அப்பியிருந்தது. சுரண்டினால் பிசுபிசுவென்று நகக்கண்ணில் ஏறியது. அதில் ஒரு பல்லி வேறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட்ட உப்புமா தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

சுரங்கத்தில் எந்த மெஷினில் கை வைக்கும் முன்பும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுவோம். மெஷினுக்குச் செய்வதைக் காருக்குச் செய்தால் என்ன? சுரங்கம் மூழ்காமலிருக்க ராப்பகலாக நீர் இறைக்கிற ஊர். குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீருக்குப் பஞ்சமே கிடையாது. எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டித் தரும் ஏர் கிளீனரை, வட்டமான அந்தத் தகர டப்பாவை, முழுசாகக் கழற்றினேன். ஈரம் படக்கூடாதே என்று அதை பயபக்தியோடு கொண்டுபோய், சமையலறை மூலையில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். கார்புரேட்டர் வாயில் துணியை அடைத்துவிட்டு, தோட்டத்து ஹோஸைத் திருப்பினேன்.

எதிர் குவார்ட்டர்ஸ் குறிஞ்சிப்பாடிக்காரர் வேலியோரம் வந்து நின்றார். "இன்னா சார், கல்யாண வண்டிக்கு மஞ்சத்தண்ணி ஊத்தலியா?"

காரிலிருந்து வழிந்த கறுப்புக் கூழ் என் கால்விரல் இடுக்குகளில் நிரம்பியது. அருவருப்பை அடக்கிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். நாற்றம் போயே போய்விட்டது. வெற்றிக் களிப்பில் மனைவியை வந்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"காருல இல்லீங்க. இப்ப வூட்டுல அடிக்குது."

கழுவிய அழுக்கு சாக்கடையில் போகிறது, தானாகச் சரியாகிவிடும் என்று விளக்கம் சொல்லிவிட்டு, கார்புரேட்டரில் அடைத்த துணியை உருவிப்போட்டுச் சாவியைத் திருப்பினேன். கார் கரகரத்தது; அவ்வளவுதான். பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். திருப்பினேன். கரகர. பொழுது சாய்வதற்குள் பேட்டரியும் செத்தது. பட்டுப்புடவையோடு கோயில் வாசலில் நிற்கும் மைத்துனி, ஊதுவதை நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்க்கும் நாதஸ்வரக்காரர், என்னை மட்டும் பார்க்கும் மாமனார் என்று ஒவ்வொருவராகக் கண்முன் வந்தார்கள். கழிப்பறைக்கு ஓடினேன். அன்று என் வசத்தில் இருந்தவற்றில் தாமதமில்லாமல் ஸ்டார்ட் ஆனது வயிறு ஒன்றுதான்.

ஞாயிறு காலை, அந்தச் சமையலறையிலேயே உட்கார்ந்து இட்லியைப் பிட்டு வாயில் போட்டபோது, மனைவி மோப்பம் பிடித்துக்கொண்டே மூலைக்குப் போனாள். தகர டப்பாவை இழுத்து, மேலிருந்த நட்டைத் திருகி, மூடியைத் தூக்கினாள். சீட்டிலிருந்து கடித்துக் கொண்டுவந்த தேங்காய் நாரில் ஒரு கூடு. ஓரமாக முந்திரிக்கொட்டைத் தோல். நடுவில், காற்றுக்குழாய் வழியாகப் புகுந்து குடித்தனம் நடத்திய எலி, ஊதி வெடித்துக் கிடந்தது. மூடியோடு கொஞ்சம் ரோமம் வந்தது. சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக எதுவோ நெளிந்தது. அதற்குப் பக்கத்தில்தான் நேற்று இரவும் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன்.

அவள் டப்பாவை என் தட்டுக்கு நேராக நீட்டினாள்.

"பாருங்க, தூளு."

நான் பின்கட்டுக்கு ஓடிப்போய், இட்லி, சட்னி, சுரங்க அனுபவம் எல்லாவற்றையும் வாந்தியெடுத்தேன்.

கார் இருமியதற்குக் காரணம் எலி. ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் நான் ஊற்றிய தண்ணீர். பண்ருட்டிக்கு பஸ்ஸில் போனோம். கடைசி நேரத்தில் வேறு வண்டி அகப்படாததால், மணப்பெண் பலாப்பழம் ஏற்றுகிற வேனில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து மண்டபத்துக்கு வந்தாள். வெயிலில் நின்று காய்ந்த கார் திங்கட்கிழமை, எதிர் குவார்ட்டர்ஸ்காரர் தள்ளிவிட, ஸ்டார்ட் ஆனது.