கல்லென்று சொல்லி மன்றாடினோம்

1997 கோடையில் என் தம்பி ஜெராட் சிறுநீர் கழிக்கும்போது அழத் தொடங்கினான். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரில், எங்கள் வீட்டுக் கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று நானும் மனைவியும் செபமாலை சொல்லுவோம். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவன் ஒரு நடன கிளப்பில் கிளாஸ் கழுவினான். அங்கேதான் கெட்டமின் என்ற மயக்கத் தூளைப் பழகினான். "இழுத்தா யுத்தம் நடந்ததே மறந்து போகுது அண்ணை" என்றான். போதை சிகிச்சை நிலையம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். ஹெரோயினுக்கு மருந்து இருக்கிறது, இதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இடிந்துபோனேன்.

எங்கள் கோயில் பங்கு மக்களிடம் உண்மையைச் சொல்ல வெட்கம். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. சிறுநீரகத்தில் கல் என்று சொன்னோம். செபக் குழு முழுவதும் கல் கரைய வேண்டுமென்று மன்றாடியது. வாழைத்தண்டு தேடிச் சாறு பிழிந்து கொண்டுவந்தார்கள். அவன் அதையும் குடித்தான், தூளையும் இழுத்தான்.

ஆகஸ்டில் மாதா யாத்திரைக்கு எல்லோரும் பஸ்ஸில் போனோம். அவனுக்காக அடிக்கடி பஸ்ஸை நிறுத்தினார்கள்.

"ஆறுதலாப் போவம், மாதா கோயிலைப் பூட்டிப்போட்டுப் போகமாட்டா" என்று பின்சீட்டில் ஒருவர் பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிலோமினா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய ஒரே மகன் முந்திய வருடம் மாரடைப்பில் இறந்தான் என்றுதான் நாங்கள் அறிந்திருந்தோம்.

அவர் தம்பிக்கு அருகில் வந்து இருந்தார். "கல்லோ, தூளோ?"

தம்பி குனிந்துகொண்டான். "தூள், அக்கா."

"என்ர பிள்ளையும் இப்பிடித்தான் அந்தரப்பட்டவன். குளிக்கிற தொட்டிக்குள்ள மயங்கிச் செத்தவன். மாரடைப்பு எண்டு நான்தான் சொன்னனான்." பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. "சட்டன் எண்ட ஊரில, தூள் பழகின பிள்ளையளைப் பாக்கிற ஒரு நேர்ஸ் இருக்கிறா. அவன் போனாப் பிறகுதான் அவவைக் கண்டனான். நான் கூட்டிக்கொண்டு போறன், வாரும்."

என் மன்றாட்டுக்குப் பதில் அதுதான். கோயிலைச் சேர முன்னமே வந்துவிட்டது.

அக்காவோடு போனபோது, இந்தத் தூளைப் பற்றித் தங்களுக்கும் அதிகம் தெரியாது, ஆனாலும் கைவிடமாட்டோம் என்றார் அந்த நேர்ஸ். சிறுநீர்ப்பையைக் காட்ட ஆஸ்பத்திரியில் ஒழுங்கு செய்தார். பிறகு தம்பியிடம், விட முடியாத நாளில் தனியே இருந்து எடுக்காதே, எடுத்தால் குளிக்க இறங்காதே என்றார். பாவத்துக்கு வழி சொல்லுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பிலோமினா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் மகனுக்கு இதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

தம்பி விழுந்து விழுந்து எழும்பினான். அடுத்த பாஸ்காத் திருவிழாவுக்கு முன் தூளை விட்டான். தூள் கெடுத்த சிறுநீர்ப்பை மட்டும் பழையபடி ஆகவில்லை. பூசை முடியுமட்டும் அவனால் இருக்க ஏலாது. கொஞ்சம் முந்தியிருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனால் முழுமனதோடு முடியவில்லை. அந்தத் தாயும் என்னைப் போலத்தான் மன்றாடினார். எனக்குத் தம்பி கிடைத்தான். அவருக்கு மகன் கிடைக்கவில்லை. ஏன் என்று ஆண்டவரை இன்னும் கேட்கிறேன்.

இப்போது அந்த நேர்ஸ் மாதம் ஒருமுறை எங்கள் பங்கு மண்டபத்துக்கு வருகிறார். பங்குச் சுவாமியிடம் மண்டபத்தைக் கேட்டு வாங்கியவர் பிலோமினா அக்கா. உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருந்தால், ஆண்டவரிடம் அதன் பெயரைச் சொல்லியே கேளுங்கள். அவர் முகம் சுளிக்கமாட்டார். பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வாருங்கள். வாசலில் தேநீரோடு அக்கா நிற்பார்.