அப்பா தூக்காத கை

நான் நாலாம் வகுப்பு படித்தபோது எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதிப்போட்டு, அதற்கு வீட்டில் அர்த்தம் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார். சொல், அரசியல். நாட்டை ஆளும் விதம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அது அவருக்குப் போதவில்லை. “புஸ்தகத்துல உள்ளதைச் சொல்ல கிளியே போதும். வீட்ல பெரியவிய என்ன சொல்லுதாகன்னு கேட்டுட்டு வாங்க” என்றார்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டு மலைப்பக்கமாகத் தள்ளி இருந்தது எங்கள் ஊர். அப்பாவுக்கு ராஜபாளையத்தில் பருத்தி அரைக்கும் மில்லில் வேலை. கதர் கட்டினவர்களைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போன வருஷங்கள் அவை. மில்லில் ஒருவர் கதர்த் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார் என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதனால் நான் கேட்டதும் அப்பா முதலில் தெருக்கதவைச் சாத்தினார்.

“அந்தப் பேச்சே நம்ம வீட்ல வேண்டாம் தாயி. ஜெயிலுக்குப் போற வழின்னு எழுதிக்க.”

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். “சட்டியில குழம்பு எம்புட்டு இருக்கு, யாருக்கு மொதல்ல ஊத்தணும், அகப்பையை யாரு பிடிக்கணும். இதைத் தீர்மானம் பண்ணுததுதாம்ட்டி அரசியல். போய் உங்க வாத்தியார்ட்ட சொல்லு.”

நான் அப்பா சொன்னதைத்தான் எழுதிக்கொண்டு போனேன். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவள் சொல்வதை எப்படி நம்புவது?

அந்தப் பங்குனி வெயிலில்தான் எங்கள் சபையில் கிணற்றுப் பேச்சு வந்தது. ஆலய வளாகத்துக்குள் ஒரு கிணறு உண்டு. கர்த்தருடைய கிருபையால் எந்தக் கோடையிலும் அது வற்றியது கிடையாது. முந்தின கிறிஸ்மஸில், ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து ஏழெட்டுக் குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்று எங்களோடு சேர்ந்திருந்தார்கள். ஒரே பாட்டைப் பாடினோம். ஒரே ஜெபத்தைச் சொன்னோம். ஆனால் அவர்கள் கிணற்றுக் கயிற்றைத் தொடக்கூடாது. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். எங்களில் யாராவது மனசு வந்து இறைத்து ஊற்ற வேண்டும். இதற்கு வேதத்தில் எங்கே ஆதாரம் என்று யாரும் காட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவர்களில் ஒரு அக்கா நிறைமாதமாக இருந்தாள். புருஷன் செண்பகத்தோப்புப் பக்கம் கூலி வேலைக்குப் போனால் திரும்பி வர நாலு நாள் ஆகும். ஊற்றுவதற்கு ஆள் வரும்வரை அவள் வெயிலில் நிற்பாள். ஒருநாள் அப்படியே மயங்கி விழுந்துவிட்டாள். குடமும் உடைந்து போயிற்று. மறுநாள் சபையை நடத்திவந்த உபதேசியாரிடம் அவளே போய்க் கேட்டாள். “ஐயா, பிள்ளை பொறக்கதுக்குள்ள அந்தக் கயித்தை நான் தொடலாமா கூடாதான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உபதேசியார் எங்களை உட்காரச் சொன்னார். புதியவர்களை மட்டும் வெளியே இருக்கச் சொன்னார்கள். “இது அரசியல் கூட்டம் இல்ல. அன்போட கையைத் தூக்கி ஒரு முடிவுக்கு வருவோம்” என்றார் உபதேசியார். ஆண்களின் கைகள்தான் கணக்கு. பெண்கள் கை தூக்கும் வழக்கமே கிடையாது.

“கயித்தைத் தொடலாம்ங்கிறவிய தூக்குங்க.”

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எழுந்து நின்றே தூக்கினார். பெண்கள் பாயில் அம்மாவும் தூக்கினாள். எண்ணிக்கொண்டு வந்தவர் அவளைக் கடக்கும்போது, “என்ன தாயி, ஈ ஓட்டுதியளா?” என்றார். பாய் முழுக்கச் சிரிப்பு. அம்மா கையை இறக்கவில்லை. பதினாலு கை என்று சொன்னார்கள், அவளுடையதைச் சேர்க்காமல். தொடக்கூடாது என்பதற்கும் பதினாலுதான் வந்தது.

மாமா திரும்பிப் பார்த்தார். “அத்தான், உங்க கை எங்க? மில்லுலயே விட்டுட்டு வந்துட்டியளா?”

அப்பா இரண்டு கைகளையும் வேதப்புத்தகத்தின் மேல் வைத்திருந்தார். “நான் எந்தப் பக்கமும் இல்ல மாப்ள. இதுலெல்லாம் தலையிட்டா மில்லு வரைக்கும் பேச்சு போகும். ஆண்டவர் சித்தப்படி நடக்கட்டும். நான் ஜெபம் பண்ணிக்கிடுதேன்.”

“ஒரு கையால ஜெபம் பண்ணுங்க அத்தான். ஒரு கையைத் தூக்குங்க.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பின்னால் ஒரு பெரியவர், “மனுசன்னா இவருதான். ஒரு வம்புதும்புக்குப் போகமாட்டாரு” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் பழைய வழக்கமே இருக்கட்டும் என்று உபதேசியார் முடித்தார். கடைசி ஜெபத்தை அப்பாவையே செய்யச் சொன்னார். தாகமாயிருக்கிற ஒவ்வொருவருக்காகவும் அப்பா ஜெபித்தார். மெய்யாகவே அவர் கண்ணில் நீர் வழிந்தது. அதில் வேஷம் ஒன்றும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

வெளியே அந்த அக்கா கிணற்றடியில் தள்ளி நின்றிருந்தாள். யாரும் அவள் பக்கம் போகவில்லை. அப்பாதான் போனார். சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வாளியை இறக்கினார். குடம் வழிய வழிய ஊற்றினார்.

“இனிமே ஞாயித்துக்கிழமை தோறும் நானே ஊத்துதேன் தாயி.”

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை.

“உங்க மனசு எனக்குத் தெரியும்யா. சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுதான் நின்னேன். அந்தக் கையை உள்ள செத்த நேரம் தூக்கியிருந்தா, நாளைக்குத் திங்கக்கிழமை நானே எறைச்சிக்கிடுவேன்.”

சொல்லிவிட்டு நடந்தாள். அப்பா வெறும் வாளியோடு நின்றார். எனக்கானால் அவள்மேல் ஆத்திரமாக வந்தது. மற்ற எல்லாரும் போனபிறகு தண்ணீர் ஊற்றினவர் அவர் ஒருவர்தானே, அவருக்கு ஒரு ஸ்தோத்திரம் சொன்னால் என்ன?

அன்று மத்தியானம் கறிக்குழம்பு. அப்பா இலையின்முன் உட்கார்ந்து, ஜெபம் பண்ணி, ஒரு பருக்கை தொடாமல் எழுந்துவிட்டார். அம்மா அகப்பையைச் சட்டியிலேயே போட்டு மூடிவைத்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளிடமெல்லாம் சொன்னேன், எங்கள் அப்பா அந்த அக்காவுக்காக உபவாசம் இருந்தார் என்று.