தனலட்சுமி வரைந்த கோடு

சுங்கை ஆயர் தாவாரிலிருந்து தனலட்சுமியின் தம்பி தோட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தார். "அக்கா தவறிட்டாங்க. காலையிலதான்." வேறென்ன கேட்பதென்று தெரியாமல், "எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் நான் பெரிய கிராணி, தலைமை எழுத்தர். எழுபத்தெட்டில் தனலட்சுமி பழக்குலைகளின் எடைக் கணக்கு எழுத வந்தார். அதே தோட்டத்து மூன்றாவது டிவிசன் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர். மாதாமாதம் இறங்கிய குலையின் எடையை முந்தைய மொத்தத்தோடு கூட்டி, கட்டம் போட்ட தாளில் கோட்டை மேலே ஏற்றிக்கொண்டே போவார். வருட இலக்குக்குச் சிவப்பில் தனிக் கோடு. என் கூட்டல் பிழைகளைத் தோட்ட மேலாளரான துரைக்குத் தெரியாமல் திருத்துவார், கிண்டலும் செய்வார். "ஏழும் எட்டும் உங்களுக்குப் பதினாறா லா, அண்ணே?"

எண்பத்து மூன்றில், மூன்றாவது டிவிசனின் மேற்குக் காட்டிலிருந்த கிழட்டுச் செம்பனை மரங்களை ஜூன் மாதம் வெட்டினார்கள். ஆண்டுக் கடைசியில், டிவிசனை வைத்திருப்பதா மூடுவதா என்று முடிவு செய்யத் தலைமை அலுவலகம் தனலட்சுமி வரையும் அந்தக் கோட்டுப் படத்தைக் கேட்டது. நிற்கிற மரங்களின் கணக்கு மட்டும் போதும் என்றார் துரை. மேற்குக் காட்டை ஜனவரியிலிருந்தே நீக்கினால் மொத்தம் தாழ்ந்துவிடும். இலக்கோ முழு டிவிசனுக்கும் போட்ட பழைய இலக்கு.

தனலட்சுமி மறுத்தார். "மரத்த வெட்டியாச்சு, சரி. அதுக்கு முன்னால எறக்குன குலைய லோரி ஏத்திட்டுப் போச்சுல்ல? அது எங்க போவும்?"

துரை தாளை என் பக்கம் தள்ளினார். அவர் சொன்னபடியே நான் வரைந்தேன். தனலட்சுமியின் கணக்கே சரியென்று எனக்குத் தெரியும். வேலை போய்விடுமோ என்று பயந்தேன், அவ்வளவுதான்.

டிவிசனை மூடினார்கள். லயம் காலியானது. வாடகை வீட்டில் தனலட்சுமியின் அப்பா ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. தனலட்சுமியும் வேலையை விட்டுவிட்டார்.

பிறகு ஒருமுறை அவரைப் பஸ் நிற்குமிடத்தில் பார்த்தேன். என் பிள்ளைகளை விசாரித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க பேசியிருந்தாலும் மூடியிருப்பாங்க, அண்ணே. ஆனா லயத்துல எல்லாரும் நான்தான் கணக்க கொறச்சேன்னு நெனச்சாங்க. அப்பாவும் அப்படி நெனச்சேதான் போனாரு."

பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

நேற்று வாய்க்கரிசி போடும்போது குனிந்து, மெல்ல, "உங்க கணக்குதாம்மா சரி, போயிட்டு வாங்க" என்றேன். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் பழைய லயத்துக்காரர்கள்.

"என்ன சொன்னீங்கண்ணே?" என்று தம்பி கேட்டார்.

"ஒன்னுமில்ல" என்றேன்.